கழித்தது போக மீதி

மதிப்புரை சொல்லும்படி என்னிடம் வந்த நூல்களில் விசித்திரமானது எது என்று யாராவது கேட்டால், விருத்தாசலத்தில் ஒரு நண்பர் என் முன்னால் வைத்த நோட்டுப் புத்தகத்தைத்தான் சொல்லுவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்குப் போடுகிற கட்டம் போட்ட நோட்டு. அட்டையெல்லாம் வெள்ளைக் களிமண் விரல் ரேகை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் காய்கறிகளின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து மூன்றாவதாக ஓர் எண். அந்த மூன்றாவது எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"ராத்திரி பூராவும் இருந்து படிச்சுப் பாருங்க சார். தப்பு இருந்தாச் சொல்லுங்க" என்றார் நண்பர். கையெழுத்துப் பிரதியை நீட்டுகிற புது எழுத்தாளர்களின் முகத்தில் இருக்கும் அதே கூச்சமும் அதே நிச்சயமும் அவர் முகத்திலும் இருந்தன.

அவர் பீங்கான் தொழில் செய்கிறவர். விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். மின்சாரப் பலகையில் பியூஸ் கம்பி சுற்றுகிற வெள்ளைக் கட்டை, கார்த்திகைக்கு அகல், ஊறுகாய் ஜாடி, கொலுவுக்குக் குட்டிப் பொம்மை என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சாமான்கள் ஒரே மண்ணிலிருந்து பிறந்து ஒரே சூளையில் வெந்து வெளியே வருகின்றன. பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிய இடத்தில் வெண்களிமண்ணும் கிடைத்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுக்கொடுக்க அரசாங்க நிறுவனமும் ஊரிலேயே இருக்கிறது. மணிமுத்தாறும் பழமலைநாதர் கோயிலும் பழைய விருத்தாசலம் என்றால் இது புதிய விருத்தாசலம். (புதுமைப்பித்தனின் சொந்தப் பெயர் விருத்தாசலம் என்பதால் இலக்கியக்காரர்கள் இந்த ஊரில் இறங்கியதும் ஒரு தடவை அவரை நினைத்துக்கொள்வது வழக்கம். நானும் நினைத்துக்கொண்டேன்.)

நண்பருக்குச் சர்க்கரை வியாதி. சோறு, இட்லி, கோதுமை, பருப்பு, கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கொழுப்பை நம்பி வாழ்கிற கீட்டோ உணவுமுறையில் இருக்கிறார். இந்த முறையில் ஒரு நாளைக்கு உடம்புக்குள் போகிற மாவுச்சத்து பொதுவாக 20 கிராமுக்கும் 50 கிராமுக்கும் நடுவில் நிற்கவேண்டும். அப்போது ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற பொருளைச் செய்து கொடுக்க, உடம்பு அதை எரித்துக்கொண்டு ஓடுகிறது. நண்பர் தமக்கு 20 என்று கோடு போட்டுக்கொண்டிருந்தார். சோறே இல்லாத இலையில் அந்த 20 கிராமும் எங்கேயிருந்து வரும்? பெரும்பாலும் காய்கறியிலிருந்துதான். அதனால்தான் காய்கறிக்கு ஒரு நோட்டு.

நோட்டை நான் உண்மையாகவே படித்தேன். கணக்குகள் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் ஆறாவது பக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. முருங்கைக்காய்: மாவுச்சத்து 3.7, நார் 4.8, கழித்தது போக மீதி, கழித்தல் குறி போட்டு 1.1. அதைச் சுற்றி இரண்டு வட்டம்.

100 கிராம் முருங்கைக்காயைச் சாப்பிட்டால் உடம்பில் மாவுச்சத்து 1.1 கிராம் குறைகிறது என்று அர்த்தம். தின்னத் தின்னக் கடன் அடைகிற காய்! ராஜா ராணிக் கதைகளில் தின்றாலும் குறையாத பாத்திரம் வரும். இப்படி ஒரு காய் வந்ததாக நினைவில்லை.

மறுநாள் காலையில் அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தபோது விஷயத்தின் இன்னொரு பாதி தெரிந்தது. "நீங்களாவது கேளுங்க அண்ணே. கொல்லையில நிக்கிற மரம். காயைக் கட்டுக் கட்டா ஆக்கிப் போடச் சொல்றாரு, கீரையைத் தொடமாட்டேங்கிறாரு. கீரை ஆகாதாம், காய் ஆகுமாம். ஒரே மரந்தானே அண்ணே?"

நோட்டில் கீரை நான்காவது பக்கம். முருங்கைக்கீரை: 12.5இல் 0.9 போக 11.6. நூறு கிராம் கீரை தின்றால் அன்றைய 20இல் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஆகவே கீரை தள்ளுபடி.

அந்த அம்மாளின் கேள்வியை நான் இலக்கிய விமர்சனக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். மரம் ஒன்று, கதை இரண்டு. எந்தக் கதையை எவன் எழுதினான்?

தமிழில் இந்த உணவு விஷயம் ஒரு பெரிய வாசகக் கூட்டத்தைப் பிடித்ததற்கு நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' என்ற புத்தகம் முக்கியமான காரணம். கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. அதில் உள்ள எல்லாவற்றையும் வைத்தியர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்வதற்கில்லை. அந்த வழக்கை நான் தீர்க்கப்போவதுமில்லை. எழுத்து என்ற அளவில் அது சாதித்தது ஒன்று உண்டு. நம்மில் வைத்தியம் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இரண்டு குரலில்தான் எழுதுவார்கள்: ஒன்று பயமுறுத்துகிற குரல், மற்றது உபந்நியாசக் குரல். இந்தப் புத்தகம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரலில் பேசிற்று. அரிசியும் சர்க்கரையும் உடம்புக்குள் போனபிறகு ஒரே ஜாதிதான் என்பதை, அரிசியைத் தெய்வமாக நினைக்கிற ஒரு ஜனசமூகத்தினிடம் சொல்லி, அதைக் கேட்கவும் வைத்துவிட்டது. சாமானியமான காரியமல்ல.

அந்த இயக்கம் காய்கறிக்குச் சொன்ன விதி பெரும்போக்கான விதி. கிழங்கு வேண்டாம், பயறும் பருப்பும் வேண்டாம். கீரையும் நாட்டுக் காயும் ஆகும். இனம் பார்த்துப் பிரிக்கிற விதி. ஆனால் எந்த நல்ல புத்தகத்துக்கும் பின்னால் நோட்ஸ் போடுகிறவர்கள் வருவார்கள். இந்தப் புத்தகத்துக்குப் பின்னாலும் பட்டியல்கள் வந்தன. கையால் எழுதினவை, நகல் எடுத்தவை, ஒருவர் பட்டியலைப் பார்த்து இன்னொருவர் திருத்தியவை. என் நண்பரின் நோட்டு அந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. அவற்றுக்கெல்லாம் பொதுவான குணம், காய் இனத்தில் நிற்காமல் கிராமுக்கு இறங்கிவிடுவது. கிராமிலும் நிற்காமல் தசம ஸ்தானத்துக்குப் போய்விடுவது.

இந்தத் தசமப் பிரியம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். மாவுச்சத்தைக் குறைத்து மெலிந்த கதையை முதன்முதலில் ஊருக்கெல்லாம் சொன்னவர் லண்டனில் சவப்பெட்டி செய்து இறுதிச் சடங்கு நடத்திய வில்லியம் பேண்டிங். 1863இல் பொதுஜனங்களுக்கு ஒரு கடிதம் என்று சிறு பிரசுரம் போட்டார். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டார். காய்கறி விஷயத்தில் அவருடைய விதி ஒரே ஒரு விலக்கு: உருளைக்கிழங்கு தவிர எதுவானாலும் சரி. அவ்வளவுதான். இறைச்சியை அவுன்ஸ் கணக்கில் சொன்ன மனிதர் முட்டைக்கோஸை நிறுக்கவில்லை.

நிறுவை வந்தது வேறு வாசல் வழியாக. 1921இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸல் வைல்டர் என்ற டாக்டர், காக்காய்வலிப்பு உள்ளவர்களுக்குப் பட்டினியின் பலனைப் பட்டினி இல்லாமல் கொடுக்க வழி தேடி, கீட்டோஜெனிக் என்ற பெயரோடு ஓர் உணவுமுறையை முன்வைத்தார். பிறகு வழக்கத்துக்கு வந்த கடுமையான வடிவத்தில் நாலு பங்கு கொழுப்புக்குப் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரே ஒரு பங்கு. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைக்கு அது மருந்து போலவே நிறுத்துக் கொடுக்கப்படுகிறது, இன்றைக்கும் அப்படித்தான். அங்கே தராசுக்கு நியாயம் இருக்கிறது. குழந்தையின் தாய் கிராம் பார்க்கத்தான் வேண்டும். நடுத்தர வயதில் சர்க்கரைக்கும் தொந்திக்கும் பயந்து கீட்டோவுக்கு வருகிறவர் எடுத்துக்கொண்டது பேண்டிங்கின் காரியம். ஆனால் அதற்காகக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது வைல்டரின் தராசு. நோட்டின் முதல் கோளாறு இது.

இரண்டாவது கோளாறு இன்னும் ருசிகரமானது. 3.7, 12.5 என்ற எண்களை நண்பர் எங்கே எடுத்தார் என்று கேட்டேன். பழுப்பேறிய சில நகல் பக்கங்களைக் கொடுத்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் 1971இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை அது. இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. அதுவும் நம் பக்கத்துக் கதைதான். 1918வாக்கில் குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு கூடம், பிறகு உணவு ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அங்கே டைரக்டராக இருந்த அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளுக்கு ஒரு சத்து அட்டவணையைப் பிரசுரம் செய்தார். நிலையம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போயிற்று; 1969இல் தேசிய உணவியல் நிறுவனம் என்று பெயர் பெற்றது. நம் தேசத்துக் கத்தரிக்காய்க்கும் புடலங்காய்க்கும் சரித்திரம் எழுதியவர்கள் இவர்கள்தான். சுவையான நடை கிடையாது; ஆனாலும் நான் விரும்பிப் படிக்கிற நூல்களில் அது ஒன்று. ஓர் அடைமொழிகூட இல்லாமல் ஒரு தேசத்தின் சமையலறையை அது சொல்லிவிடுகிறது.

அதில் கத்தரிக்காய் என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கத்தரிக்காயில் ஈரம் 92.7, புரதம் 1.4, கொழுப்பு 0.3, தாது உப்பு 0.3, நார் 1.3, மாவுச்சத்து 4.0. ஒரு காகிதத்தில் இவற்றைக் கூட்டிப் பாருங்கள். சரியாக 100 வரும். புடலங்காயைக் கூட்டுங்கள்: 94.6, 0.5, 0.3, 0.5, 0.8, 3.3. நூறு. சின்ன வெங்காயத்தைக் கூட்டினாலும் நூறு. நாவல் எழுதுகிறவனுக்கு இப்படி எல்லாம் கச்சிதமாக முடிகிற கதையைக் கண்டால் உடனே சந்தேகம் வரும். வாழ்க்கையில் எதுவும் இப்படி நூறாகக் கூடுவதில்லையே! யாரோ ஒருவர் கடைசியில் உட்கார்ந்து கூட்டலைச் சரிக்கட்டியிருக்கவேண்டும்.

சரிக்கட்டியது மாவுச்சத்துதான். இதை என் நண்பருக்கு விளக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஏனென்றால் பாதி வேலை அவர் தொழிலில் நடப்பது. காயை அரைத்துக் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் உலர்த்தி நிறுக்கிறார்கள். குறைந்த எடை ஈரம். ஈதரில் ஊறவைத்துக் கொழுப்பைப் பிரிக்கிறார்கள். நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்கிறார்கள். ஒரு பீங்கான் மூசையில் போட்டு 500 டிகிரிக்கு மேல் எரித்து, மிஞ்சிய சாம்பலைத் தாது உப்பு என்கிறார்கள். (மூசை என்றதும் நண்பரின் முகம் மலர்ந்தது. அவர் சூளை 1200 டிகிரியைத் தாண்டுவது. 500 அவருக்கு வெதுவெதுப்பு.) நாருக்கு, காயை அமிலத்தில் கொதிக்கவைத்து, பிறகு காரத்தில் கொதிக்கவைத்து, அப்புறமும் கரையாமல் நிற்பதை நிறுக்கிறார்கள். மாட்டுத் தீவனத்தைச் சோதிக்க ஜெர்மனியில் வேண்டே என்ற இடத்தில் 1860களில் ஏற்பட்ட முறை அது. இத்தனையும் கூட்டி நூறிலிருந்து கழிக்கிறார்கள். கழித்தது போக மீதி எதுவோ அதற்கு மாவுச்சத்து என்று பெயர்.

மாவுச்சத்தை யாரும் நேரே பார்க்கவில்லை, நிறுக்கவில்லை. மற்ற எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு பாத்திரத்தில் மிஞ்சியதற்குத்தான் அந்தப் பெயர். அதனால் கூட்டுக் குடும்பத்தில் கடைசி மருமகளின் கதி அதற்கு. யார் செய்த பிழையும் அவள் தலையில்தான் வந்து விடியும். ஈரத்தை அளப்பதில் ஒரு கிராம் பிசகினால் கத்தரிக்காயின் 4 என்பது 3 ஆகும், அல்லது 5 ஆகும். நூற்றில் ஒன்று பிசகியதற்கு மாவுச்சத்துக் கணக்கு கால் பங்கு ஆடிவிடும். ஆடி மழையில் பறித்த காய்க்கும் சித்திரை வெயிலில் வாடிய காய்க்கும் ஈரத்தில் ஒரு கிராம் வித்தியாசம்தானா இருக்கப் போகிறது?

இப்போது முருங்கைக்காய்க்கு வருவோம். ஈரம் 86.9, புரதம் 2.5, கொழுப்பு 0.1, தாது உப்பு 2.0, நார் 4.8, மாவுச்சத்து 3.7. கூட்டினால் நூறு. அதாவது அந்த 3.7இல் 4.8 நார் ஏற்கெனவே இல்லை. நாரைக் கழித்த பிறகு மிஞ்சியதுதான் 3.7. என் நண்பர் அதிலிருந்து நாரை இரண்டாம் தடவை கழித்தார். ஒருவன் வட்டியைப் பிடித்துக்கொண்டு கடன் கொடுத்திருக்கிறான்; வாங்கினவன் வீட்டுக்கு வந்து தன் பங்குக்கு ஒரு தடவை வட்டியைக் கழித்துப் பார்க்கிறான். கழித்தல் குறி விழாமல் என்ன செய்யும்?

இரண்டு தடவை கழிக்கும் இந்தப் பழக்கம் கடல் தாண்டி வந்தது. அமெரிக்க அட்டவணைகளில் மொத்த மாவுச்சத்து என்று போடுகிற எண்ணுக்குள் நாரும் அடங்கியிருக்கும். அங்குள்ளவர்கள் அதிலிருந்து நாரைக் கழித்துத் தள்ளுபடி போக மீதி கண்டுகொள்கிறார்கள். அந்த எண்ணுக்கு அது சரி. நம்மவர்கள் விதியை அங்கேயிருந்து எடுத்தார்கள், எண்ணை ஹைதராபாத்திலிருந்து எடுத்தார்கள். மொழிபெயர்ப்பு நாவல்களில் மதுரைக்காரன் ஓவர்கோட்டைக் கழற்றி மாட்டுவானே, அந்த மாதிரி.

கீரையின் கதை இதற்கு நேர் எதிர். முருங்கைக்கீரைக்குப் பழைய அட்டவணை நார் 0.9தான் கொடுத்தது. அமிலத்திலும் காரத்திலும் இரண்டு தடவை கொதிக்கவைத்தால் கரும்புச் சக்கை தாங்கும். கீரையின் மெல்லிய நார் தாங்குமா? பெரும் பகுதி கரைந்து ஓடிவிட்டது. ஓடினது எங்கே போய்ச் சேர்ந்தது? அந்தக் கடைசி மருமகளிடம்தான். 12.5 என்ற எண்ணுக்குள், நம் குடலுக்கு ஜீரணிக்கவே தெரியாத நாரும் மாவுச்சத்து என்ற பெயரில் ஒளிந்துகொண்டிருந்தது. 2017இல் அதே ஹைதராபாத் நிறுவனம் லோங்வா முதலானவர்களைக் கொண்டு தேசத்தை ஆறு பிரதேசங்களாகப் பிரித்து மாதிரிகள் எடுத்து, 528 உணவுகளுக்குப் புதிய அட்டவணை போட்டது. அதில் நாரை வேறு முறையில் கண்டார்கள். நம் குடலில் நடப்பதைப் போலச் சில நொதிகளை வைத்துச் செய்கிற முறை அது. மாவுச்சத்து என்றால் உடம்புக்குக் கிடைக்கக்கூடியது மட்டும் என்றும், அதுவும் கழித்தலால் வந்ததே என்றும் முறை சொல்லுகிற பக்கங்களில் எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்கில் முருங்கைக்கீரையின் மாவுச்சத்து பழைய எண்ணில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மரம் அதே மரம். நார் பல மடங்கு ஏறிற்று, மாவு அந்த அளவுக்கு இறங்கிற்று.

அட்டவணையின்மேல் குற்றம் இல்லை. பழையது அன்றைய முறைக்கு யோக்கியமாகவே நடந்துகொண்டது. ஜீரணமாகிற மாவுச்சத்தை மாத்திரம் தனியே அளந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் 1929லேயே மக்கான்ஸ், லாரன்ஸ் என்ற இரண்டு பேருக்கு வந்துவிட்டது. லாரன்ஸே சர்க்கரை வியாதிக்காரர். சாவின் விளிம்பில் நின்றபோது 1923இல் இன்சுலின் கிடைத்துப் பிழைத்தவர். இலையில் விழுகிற காயில் உண்மையாக எத்தனை என்று தெரியவேண்டிய அவசியம் அவருக்கு இருந்தது. தேவை உள்ளவன் எழுதின புத்தகத்துக்கும் தேவையில்லாமல் எழுதின புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் அட்டவணைகளில்கூடத் தெரிகிறது.

என்னுடைய புகார் வாசகன்மேல்தான். நாவலுக்கு முன்னுரை எழுதி ஒருவரும் படிக்காமல் போன அனுபவம் எனக்கு நிறைய உண்டு. அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கோபமும் இருக்கிறது. என் நண்பர் கையில் இருந்த நகலில் அட்டவணைப் பக்கங்கள் மட்டும்தான் இருந்தன. முன்பக்கங்களை யாரோ வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். எண் வந்து சேர்ந்தது, எண் என்ன பொருளில் எழுதப்பட்டது என்பது வரவில்லை. கதையில் பாத்திரம் பேசுகிற வசனத்தை ஆசிரியரின் கொள்கை என்று மேடையில் மேற்கோள் காட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். இதுவும் அதே வாசிப்புத்தான்.

சமையலறைக்கு வந்தால் தசமத்தின் மானம் இன்னும் போய்விடுகிறது. அட்டவணை பேசுவது பச்சைக் காயை, அதுவும் தின்னக்கூடிய பாகத்தை மட்டும். முருங்கைக்காயில் தின்னக்கூடிய பாகம் எது என்று ஒரு தமிழனைக் கேட்டுப் பாருங்கள். மென்று சக்கையை இலையோரத்தில் துப்புகிறோம். ஒருவர் துப்புவது போல் இன்னொருவர் துப்புவதில்லை. 100 கிராம் பச்சை வெண்டைக்காயில் 6.4 என்கிறது அட்டவணை. வெண்டைக்காயை வழவழப்புப் போக எண்ணெயில் சுருள வதக்கினால் அது பாதியாக வற்றிவிடும். வற்றிய கறியில் 100 கிராம் நிறுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு 6.4 என்று எழுதினால், இருப்பதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறோம். நண்பர் அப்படித்தான் எழுதியிருந்தார்! பச்சை மண்ணின் எடை வேறு, உலர்ந்த மண்ணின் எடை வேறு, வெந்த சாமானின் எடை வேறு என்று கைக்குழந்தையாக இருந்தபோதே பார்த்து வளர்ந்த மனிதர். வேகும்போது சுருங்கும் என்று தெரிந்துதான் அச்சைப் பெரிதாக எடுக்கிறார். வெண்டைக்காய்க்கு மட்டும் அந்த ஞானம் வரவில்லை. இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஆமாம், பச்சையாத்தான் நிறுத்திருக்கணும்" என்றார்.

அப்படியானால் எண்ணவே வேண்டாமா? எண்ணவேண்டிய இடம் இருக்கிறது. உருளைக்கிழங்கு 22.6. மரவள்ளி 38.1, கிழங்கை அரைக்கால் கிலோ தின்றால் இரண்டு நாள் கணக்கு அதிலேயே தீர்ந்தது. இவற்றில் நாரை எப்படி அளந்தாலும் பெரிய மாறுதல் வராது. உள்ளே இருப்பது நிஜமான மாவு. காய்கறிக் கூடையில் வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது சின்ன வெங்காயம்: 12.6. சாம்பாரிலும் வற்றல் குழம்பிலும் பொரியலிலும் பெயர் இல்லாமல் விழுகிறது. நோட்டில் முப்பத்தொன்பது காய்கள் இருந்தன. வெங்காயம் இல்லவே இல்லை. 'அது காய் இல்லையே, தாளிக்கிறதுதானே' என்றார் நண்பர். புடலைக்கும் சுரைக்கும் ஒரு தசமத்துக்கு இரண்டு தடவை கழித்துப் பார்த்த கை, வெங்காயத்தை உரித்து உரித்து எண்ணெயில் போட்டிருக்கிறது.

வேறொரு விசித்திரமும் அந்த நோட்டில் உண்டு. காய் அல்ல, கொட்டை. இந்த ஊர் முந்திரிக்குப் பேர்போனது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் பெயராலேயே முந்திரி ரகங்கள் இருக்கின்றன. ஊரைச் சுற்றிச் செம்மண்ணில் முந்திரிக்காடு. நண்பர் வீட்டு அலமாரியில் இருந்ததோ பாதாம். காரணம் இருக்கிறது: பாதாமில் மாவுச்சத்து 10.5, முந்திரியில் 22.3. இங்கே அட்டவணை சொல்லுவதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு மடங்கு என்பது தசம விளையாட்டு அல்ல. உள்ளூர் அபிமானம் வேறு, கணையம் வேறு. ஆனாலும் முந்திரிக்காட்டின் நடுவில் உட்கார்ந்து எங்கோ விளைந்த பாதாமை எண்ணித் தின்கிற மனிதனைப் பார்க்க எனக்கு ஒரு சிறுகதை கிடைத்த மாதிரி இருந்தது.

நோட்டில் கடைசிப் பக்கத்தில் மாத்திரைக் கணக்கு. சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் சூளை மூட்டிக்கொண்டிருந்தவருக்குக் கண் இருட்டி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. சர்க்கரை இறங்கிவிட்டது. மாவைப் பிடுங்கிவிட்டுப் பழைய மாத்திரையை அப்படியே விழுங்கினால் வேறென்ன ஆகும்? இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும், கணையத்தைத் தூண்டுகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது விளையாட்டு விஷயமல்ல. டாக்டரிடம் சொல்லி மருந்தைக் குறைத்துக்கொண்டுதான் சோற்றில் கைவைக்கவேண்டும். அவர் பிறகு டாக்டரிடம் போனார், மாத்திரை குறைந்தது. இதைப்பற்றி நோட்டில் ஒரே வரி: 'மயக்கம். சூளை அணைக்கவில்லை.' புத்தகம் முழுவதிலும் மிக நன்றாக எழுதப்பட்ட வரி என்று நான் நினைப்பது இது. ஒரு முருங்கைக்காய்க்கு இரண்டு வட்டம் போட்டவர், தம் உயிருக்கு ஆபத்து வந்த இடத்தில் மூன்றே வார்த்தையோடு நிறுத்திவிட்டார். கலை என்று பார்த்தால் அது சரி. கணக்கு என்று பார்த்தால் வட்டம் அங்கே விழுந்திருக்கவேண்டும்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். விமர்சனத்தைக் கேட்டுக்கொள்வதில் அவர் நம் எழுத்தாளர்கள் பலரைவிட மேல். மறுத்துப் பேசவில்லை. நோட்டை வாங்கி, ஆறாவது பக்கத்தைப் புரட்டி, அந்தக் கழித்தல் குறியை ரப்பரால் அழிக்கப் பார்த்தார். சிவப்பு மை போகவில்லை. மேலே குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 3.7 என்று எழுதினார். நான்காவது பக்கத்துக்குப் போய்க் கீரைக்கு எதிரே இருந்த 11.6ஐயும் அடித்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தார்.

"எழுதாமலேயே இருக்கட்டுமே" என்றேன்.

அவருக்கு அது திருப்தியாக இல்லை. கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தது. யோசித்து, 'ஆகும்' என்று எழுதினார்.

கொல்லையிலிருந்து அந்த அம்மாள் குரல் கேட்டது. "இன்னைக்கு உருவட்டுமா?"

"உருவு. ஆனா வெங்காயம் கம்மியாப் போடு" என்றார் நண்பர். அவசரமாக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அன்று அவருக்குச் சூளை பிரிக்கிற நாள்.